பழைய கலைக்களஞ்சியத்தை எடைக்குப் போடலாமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் நூலக அலமாரியில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத் தொகுதிகள் உள்ளன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கலைக்களஞ்சியங்களின் வரலாற்றையும் பயனையும் சொல்லித்தர ஆசை. ஆனால், “போன்ல தட்டினா வந்துடுமே டீச்சர், இது எதுக்கு?” என்கிறார்கள். “எல்லாம் பழைய தகவல், எடைக்குப் போட்டுவிடலாம்” என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர். எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: தயவுசெய்து எடைக்குப் போட விடாதீர்கள். தகவல் பழசாகிப்போனதால்தான் அந்தத் தொகுதிகள் உங்கள் வகுப்புக்கு இவ்வளவு பொருத்தமாக இருக்கின்றன.

தொகுதிகளை வகுப்புக்கு எடுத்துப் போங்கள். நிலவைப் பற்றிய கட்டுரையைத் தேடி எடுத்து, மனிதன் அங்கே போய்வந்த செய்தி எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேளுங்கள். எத்தனை முறை படித்தாலும் அகப்படாது. முதல் தொகுதி 1954-ல் வந்தது, ஒன்பதாவது 1963-ல். இணைப்பாக வந்த பத்தாவது தொகுதியின் ஆண்டு 1968. நிலவில் மனிதன் கால் வைத்ததோ 1969 ஜூலையில். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று ஆனதும் அதே 1969-ல்தான். முதல் தொகுதி அச்சானபோது கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து எடுத்தது 2006-ல்.

“அப்போ இது தப்பா, டீச்சர்?” என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். அச்சான அன்று அது சரி. எந்தத் தகவலுக்கும் ஒரு தேதியும் அதை எழுதிய ஓர் ஆளும் உண்டு. போனில் முதலில் வந்து நிற்கும் விடையில் இந்த இரண்டும் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. புத்தகத்தில் தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.

அடுத்து, இதை யார் செய்தார்கள் என்ற கதைக்குப் போகலாம். அப்போதைய சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்று 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன். கல்லூரிப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்த காலம் அது. இயற்பியலையும் உடலியலையும் தமிழில் எழுத வேண்டுமானால் கலைச்சொல்லைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் ஆக்க வேண்டும். கட்டுரைக்குக் கட்டுரை அந்தப் பாடு இருக்கிறது. இன்று நாம் பாடப் புத்தகத்தில் சாதாரணமாகப் படிக்கும் அறிவியல் தமிழுக்கு இந்த உழைப்பிலும் பங்குண்டு என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னே, 1902-ல் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை ‘அபிதான கோச’த்தை வெளியிட்டார். 1910-ல் சென்னை ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ வந்தது. பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், அதாவது உங்கள் தொழில்காரர். தனி ஒருவராகத் தொகுத்துவிட்டு, அச்சிட ஆள் கிடைக்காமல் அலைந்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1934-ல் வந்தபோது முதலியார் உயிரோடு இல்லை. அகத்தியர் போன்ற ஒரு தலைப்பைச் சிந்தாமணியிலும் கலைக்களஞ்சியத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எது கதையைக் கதையாகவே சொல்கிறது, எது சான்று கேட்கிறது, எதை எது விட்டுவிட்டது என்று பிள்ளைகள் குறிக்கட்டும். ஒரு பாடவேளை முழுதும் இதற்கே போனாலும் போகட்டும்.

உலக வரலாற்றில் ரோமானியர் பிளினியின் 37 நூல்கள், சீனப் பேரரசர் யோங்லெ காலத்தில் 1408-ல் கையால் எழுதி முடித்த 11,095 தொகுதிகள் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரான்சில் மட்டும் கொஞ்சம் நின்று போங்கள்.

அங்கே தெனி தித்ரோவும் தலம்பேரும் 1751-ல் தங்கள் கலைக்களஞ்சியத்தை வெளியிடத் தொடங்கினார்கள். எழுத்துக்கு 17 தொகுதி, படத்துக்கு 11 தொகுதி என 1772 வரை வேலை நீண்டது. தித்ரோவின் தந்தை கத்தி செய்யும் தொழிலாளி. தொழிற்கூடங்களில் நடக்கும் வேலையையும் அறிவு என்று மதித்து ஏட்டில் ஏற்றியது தித்ரோவின் பெரிய சாதனை. குண்டூசி செய்யும் முறையைக்கூடப் படிப்படியாகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படங்கள் இணையத்தில் கிடைக்கும், வகுப்பில் காட்டுங்கள். அரசனும் திருச்சபையும் சும்மா இருக்கவில்லை. 1759-ல் அனுமதி ரத்தானது. கடைசிப் பத்து எழுத்துத் தொகுதிகள் 1765-ல் நூஷாடெல் என்ற ஊரில் அச்சானதாகப் பொய் முகவரி தாங்கி வெளிவந்தன. இதற்கிடையில், வம்பு வரும் என்று பயந்து அச்சகத்தார் லெ பிரெத்தோனே பல வரிகளைத் திருட்டுத்தனமாக வெட்டியிருந்தார். அது தெரிந்தபோது தித்ரோ கொதித்துப்போனார். ஒரு பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, அதிலிருந்து எதை, யார், ஏன் எடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அகர வரிசையையும் ஒரு பொருளாகப் பேசலாம். நம் திவாகர நிகண்டு தெய்வப் பெயர்த் தொகுதியில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம் என்று இறங்கிவருகிறது. அகர வரிசை வந்ததும் அந்த மேல் கீழ் போய்விடுகிறது. அரசனும் அரிவாளும் அடுத்தடுத்த தலைப்பாகலாம்.

இவ்வளவும் ஆனபிறகு போனை எடுக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து, ‘வரலாறு’, ‘உரையாடல்’ என்ற இரண்டு பக்கங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். யார் எப்போது எதை மாற்றினார், எதற்காக வாதாடினார் என்பது அங்கே பதிவாகியிருக்கும். தித்ரோவுக்குத் தெரியாமல் நடந்த வெட்டு இங்கே எல்லார் கண்ணுக்கும் தெரியும். இணையத்தின் பக்கம் நிற்கும் நியாயமும் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை கொடுங்கள். உங்கள் ஊர் வாய்க்காலைப் பற்றி நூறு சொல்லில் ஒரு பதிவு. எந்த ஆற்றில் பிரிகிறது, எந்த வயலுக்குப் பாய்கிறது, மதகை யார் திறப்பது? மதகைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கரிடம் ஒருவர், வயதான விவசாயியிடம் ஒருவர் கேட்டு வரட்டும். இருவரும் வேறு வேறு சொன்னால் எதை எழுதுவது, எதை விடுவது என்று வகுப்பே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். கீழே பெயரும் தேதியும் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

தொகுதிகளில் ஏதாவது குறைந்தால் கவலை வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கலைக்களஞ்சியத்தைக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம்.