சொல் போனாலும் பாட்டு போகக் கூடாது

பரோக் பாடலை ட்ராம்போனுக்கு எழுத வரும் இளையவர்களே, இந்த வாத்தியம் குரலுக்கு அந்நியம் அன்று. மகன் அப்சலோமை இழந்த தாவீதின் புலம்பலுக்கு, ஹைன்ரிக் ஷூட்ஸ் 1629-இல் ஒரு பேஸ் குரலோடு நான்கு ட்ராம்போன்களை வைத்தார். லைப்சிக்கில் பாக், பாடகர் குழுவின் மெட்டையே சில கான்டாட்டாக்களில் ட்ராம்போன்களுக்கும் கொடுத்தார். ஹென்றி பர்செலின் ஆபராவில் சாகும் தறுவாயில் அரசி டைடோ பாடும் புலம்பலை முன்வைத்து, நான் கற்றதைச் சொல்கிறேன்.

1. முதலில் சொற்களோடு நீங்களே பாடுங்கள். எந்த அசை கனக்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். மூச்சுக்குறியை அங்கே போடுங்கள்.

2. ஜி மைனரை மாற்றாமல் மெட்டை ஒரு ஆக்டேவ் இறக்குங்கள். உச்சியில் வரும் ஜி, டெனர் ட்ராம்போன் நன்றாகப் பாடும் இடம். அதை இரண்டாம் பொசிஷனில், ஸ்லைடைச் சற்று உள்ளிழுத்து ஊத வேண்டும். இல்லையேல் சுருதி இறங்கும்.

3. இறக்கிய மெட்டு பேஸை நெருங்கும். பேஸுக்கு அடியில் போய்விட்டால் கார்டின் நிலையே மாறிவிடும். செல்லோவோடு டபுள் பாஸ் சேருங்கள். அடித்தளம் ஒரு ஆக்டேவ் கீழே நிலைக்கும்.

4. அரை அரை ஸ்வரமாக இறங்கும் ஐந்து பார் பேஸ், பாடல் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. மெட்டின் வரிகள் பல இடங்களில் அதன் எல்லையைத் தாண்டிப் போகின்றன. அந்தப் பொருந்தாமையில்தான் வலி இருக்கிறது. ஒழுங்குபடுத்தி விடாதீர்கள்.

5. தன்னை நினைவில் வைக்கும்படி டைடோ கெஞ்சும் இடத்தில் ஒரே டி ஸ்வரம் அடுத்தடுத்து ஒலிக்கிறது. பாடகிக்கு அங்கே அசைகள் துணை, உங்களுக்கு இல்லை. ஒவ்வொரு டி-க்கும் அதன் கனத்தைக் குறித்துக் கொடுங்கள். ஒரே அசையில் நீளும் ஸ்வரங்களுக்கு நாக்கு ‘ல’ சொல்வதுபோல் மெல்லத் தொடட்டும். தொடாமல் ஸ்லைடை நகர்த்தினால் ஸ்வரங்கள் வழுக்கிக் குழையும்.

6. இன்றைய ட்ராம்போனின் குழாய் அந்தக் காலத்ததைவிட அகலமானது. ஆகவே, பக்கவாத்தியமான ஹார்ப்சிகார்டின் ஒலி காதில் விழும் அளவுக்கே ஊதச் சொல்லுங்கள்.

7. குரல் ஓய்ந்தபின் வயலின்களும் வயோலாவும் பேஸும் மட்டுமே பாட்டை முடிக்கின்றன. என் முதல் முயற்சியில் அங்கேயும் ட்ராம்போனுக்கு மெட்டு எழுதினேன். ஒத்திகையில் கேட்டபோது, இறந்தவள் மறுபடி பேசியதுபோல் இருந்தது, அன்றே அடித்துவிட்டேன். ட்ராம்போன் குரலாக நிற்கிறது என்றால், குரல் அடங்கும் இடத்தில் அதுவும் அடங்க வேண்டும்.