நிறமும் வெப்பமும்

பொருள்களின் நிறம் கண்ணுக்கு இன்பம் பயப்பதோடு அமைவதன்று. வெயிலிற் கிடக்கும் பொருள் எத்துணை வெப்பத்தை ஏற்கும் என்பதையும் பெரும்பாலும் அதுவே அறுதியிடுகின்றது. இவ்வுண்மையை, பட்டிற்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற காஞ்சிமாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

காஞ்சிபுரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்ரல் திங்களின் இறுதியில் நண்பகல் ஞாயிறு அந்நகரின் உச்சிக்கு நேரே நிற்கும். அக்காலத்தே கோயிற் பிராகாரத்தின் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு வலம்வருவோர் படும் துன்பம் சொல்லுந்தரத்ததன்று. அதனாலன்றோ தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் கோடைதோறும் தளத்தின்மீது வெள்ளை வண்ணம் பூசி நடைவழி அமைக்கின்றனர்! கல்லும் ஒன்றே, வெயிலும் ஒன்றே, நிறம் மட்டுமே வேறு. எனினும் அவ்வழியினின்று ஓரடி விலகினால் வேறுபாட்டை உள்ளங்காலே உணர்த்திவிடும்.

இதற்குக் காரணம் யாது? ஒளிபுகாப் பொருளின்மீது விழும் ஒளியில் ஒரு பகுதி திருப்பி அனுப்பப்படும். எஞ்சியது உட்கொள்ளப்பட்டு வெப்பமாக மாறும். புதிதாகப் பூசிய நல்ல வெள்ளை வண்ணம் வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே ஏற்கும். கரிய வண்ணமோ பத்தில் ஒன்பது பங்கினையும் விழுங்கிவிடும்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1761ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில் இதற்கு எளியதொரு சோதனையைக் கூறியுள்ளார். பல நிறத் துணித்துண்டுகளை வெயில் காயும் காலையொன்றில் அவர் பனிப்பரப்பின்மேல் இட்டுவைத்தார். சில மணி நேரத்தில் கருந்துண்டு பனியை உருக்கி ஆழ அமிழ்ந்தது. கருநீலத் துண்டு ஏறக்குறைய அவ்வளவே தாழ்ந்தது. வெண்துண்டோ மேலேயே கிடந்தது. நமக்குப் பனியில்லை, பட்டுண்டு. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்வை முறையில் இணைத்து நெய்த காஞ்சிச் சேலையைச் சிறிதுநேரம் வெயிலில் விரித்து, சரிகையில்லாத இடங்களைத் தொட்டுப் பார்ப்போர் பிராங்க்ளின் கண்டதைத் தாமும் காண்பர்.

ஆயினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, கண் காணும் நிறம் முழுவுண்மையன்று. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் ஞாயிற்றொளியை முப்பட்டைக் கண்ணாடியாற் பிரித்து, செந்நிறத்திற்கு அப்பால் ஒளியே தோன்றாத இடத்திலும் வெப்பமானி ஏறக் கண்டார். வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு கண்ணுக்குப் புலனாகாதது. ஆகவே ஒரே கருமையாய்த் தோன்றும் இரண்டு துணிகள் ஒரே அளவிற் சூடேறவேண்டும் என்னும் நியதியில்லை.

இரண்டாவது, நிறத்தின் ஆட்சி வெயிலோடு முடிகின்றது. நிழலில் வைத்த கருந்துணியும் வெண்துணியும் சுற்றியுள்ள காற்றின் வெம்மையையே அடையும். வெப்பத்தை வெளியிடுவதிலும் வெள்ளை வண்ணமும் கரிய வண்ணமும் ஏறக்குறைய நிகரானவையே. துலக்கிய பித்தளை போன்ற உலோகப் பரப்புகளே அதனை மிகக் குறைவாக வெளியிடும். ஆகவே வீட்டினுள் குழித்தறியில் அமர்ந்து அரக்குப் பட்டு நெய்பவர்க்கும் வெண்பட்டு நெய்பவர்க்கும் வெம்மை ஒன்றே.

அங்ஙனமாயின் நெசவாளரை வாட்டும் வெம்மை எங்கிருந்து வருகின்றது? பெரும்பகுதி அவர்தம் தலைக்கு மேலுள்ள கூரையினின்றே வருகின்றது. தறியிலுள்ள பட்டின் நிறத்தை வாங்குவோர் விருப்பம் வகுக்கின்றது; கூரையின் நிறமோ நம் கையிலுள்ளது. நாள்முழுதும் வெயிலைத் தாங்கும் மச்சுத்தளத்திற்கு வெண்சுண்ணம் பூசினால், உள்ளே இறங்கும் வெப்பம் பெரிதும் குறையும். புழுதி படிந்து வெண்மை மங்கினால் இப்பயனும் மங்குமாதலின், ஆண்டுதோறும் கோடைக்கு முன்னர்த் தளத்தைக் கழுவிப் புதிதாகப் பூசுதல் வேண்டும்.

பிராகாரத்தில் நடப்போர் காலுக்கு ஒரு வெண்ணிற வழி வகுத்த அறிவு, பிறர் உடுக்கப் பட்டு நெய்வோர் தலைக்கு மேலும் ஒரு வெண்ணிறக் கூரையை அமைக்குமாக! அதற்கு வேண்டுவன ஒரு கூடைச் சுண்ணாம்பும் ஒரு நாள் உழைப்புமே. வரும் விடுமுறையில் ஊர்செல்லும் மாணவ நண்பர்கள் தத்தம் தெருவில் ஒரு வீட்டிற்கேனும் இதனைச் செய்து காட்டுவாராயின், நாம் வகுப்பறையிற் கற்ற பாடம் ஒரு குடும்பத்திற்கேனும் குளிர்ச்சி தந்ததாகும்.