காலையில் தெளிவு, மாலையில் மயக்கம்

மாணவர்களே, காய்ச்சலை வெப்பமானியால் அளக்கலாம். ஏறி இறங்கும் அறிவுத் தெளிவை எப்படி அளப்பது?

டிமென்ஷியா என்பது அறிவு மங்கும் நோய். அதில் ஒரு வகைக்கு ஃபிரெடரிக் லூயி என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர். மூளைச் செல்களுக்குள் சிறு உருண்டைகள் இருப்பதை 1912-இல் அவர் விவரித்தார். அவை புரதத் திரள்கள் என்று இன்று அறிவோம். இந்நோயாளி காலையில் நாட்டு நடப்பை விளக்கமாகப் பேசுவார். மாலையில் மகனையே யாரென்று கேட்பார். மறுநாள் மீண்டும் தெளிவார். நடிக்கிறார் என்று வீட்டார் எண்ணுவதும் உண்டு, பாவம்!

மருத்துவர் பார்ப்பதோ சிறிது நேரம். அது தெளிவான வேளையாக அமைந்துவிட்டால்? ஆகவே உடன் வாழ்பவரைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2004-இல் நான்கு கேள்விகளைத் தேர்ந்தெடுத்தனர். இரவில் போதிய தூக்கம் இருந்தும் பகலில் சோர்ந்து தூங்கி வழிகிறாரா? பகலில் 2 மணி நேரமோ அதற்கு மேலோ உறங்குகிறாரா? நெடுநேரம் வெறித்துப் பார்க்கிறாரா? சில வேளைகளில் பேச்சு கோவையின்றிப் போகிறதா? மூன்றுக்காவது ‘ஆம்’ என்றால், அல்ஸைமர் நோயைவிட லூயி வகையே என்ற ஐயம் வலுக்கும்.

இப்படிப் பிரித்தறிவது வெறும் பெயர் சூட்டுவதற்காக அல்ல. லூயி வகை நோயாளிகளுக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதுண்டு. அதற்கென்று ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால், உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.