வெயில் ஊரில் பிளம் கேக்: செல்லூர் அடுப்படிக்குச் சில குறிப்புகள்

பிளம் கேக் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அடுப்படியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ‘வெண்ணெயை வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்’ என்று அவை சொல்லும்போது கணக்கு 20 டிகிரி. மதுரைச் செல்லூரில் மார்கழி மத்தியானமே 30 டிகிரியைத் தொடும். இங்கே வீட்டுக் கேக் கல்லாகிப் போவதற்குப் பெரும்பாலும் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை, சூடுதான் காரணம்.

1. எட்டு அங்குல வட்டத் தகரத்துக்கு அளவு: மைதா 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200, சர்க்கரை 200, முட்டை 4, உலர்பழங்கள் 350, முந்திரி 50, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரைப் பாகுக்குத் தனியாக 75 கிராம் சர்க்கரை. உப்பு வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் சிட்டிகை உப்பை விட்டுவிடுங்கள்.

2. பாலம் தாண்டிக் கீழமாசி வீதிக்குப் போனால் திராட்சை, பேரீச்சை, முந்திரி எல்லாம் மொத்தக் கடையிலேயே வாங்கிவிடலாம். சிவப்பாக மின்னும் ‘செர்ரி’ பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரையில் ஊறிய களாக்காய். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய். இரண்டுமே கெடுதல் இல்லை. ஆனால் செர்ரி விலை கொடுத்துக் களாக்காய் வாங்காதீர்கள்.

3. டூட்டி ஃப்ரூட்டியை வீட்டிலேயே செய்யலாம். முற்றின பப்பாளிக்காயைப் பொடிக் கட்டங்களாக நறுக்கி, கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து வடிகட்டுங்கள். அதே எடைச் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துச் சிறுதீயில் விட்டால் கண்ணாடிபோல் ஆகும். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு போதும். தட்டில் பரப்பி ஒரு நாள் காயவிடுங்கள்.

4. பழங்களை ரம்மில் ஊறவைப்பவர்கள் கண்ணாடிப் பாட்டிலில் மூடி வாரக்கணக்கில் வெளியே வைக்கலாம். ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தால் அந்தக் கதை வேறு: நம் ஊர்ச் சூட்டில் ஒரே நாளில் புளித்து நுரைக்கும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அவசரமென்றால் பழங்களைச் சாற்றோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தாலே போதும். எந்தச் சாறு என்று கேட்டால் என் ஓட்டு கம்பம் பன்னீர் திராட்சைக்கு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. வேகவைத்து வடிகட்டிய சாறு நிறமும் தரும், லேசான புளிப்பும் தரும். ‘இது அசல் இல்லையே’ என்று கூச வேண்டாம். 1883-இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு செய்ததுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்பார்கள். மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை பிரெஞ்சு பிராந்தி ஊற்றச் சொல்ல, பாபு முந்திரிப்பழமும் கதலியும் போட்டு இறக்கிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றினாராம். துரைக்கு அது பிடித்தும் போனதாம்.

5. பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு நான்கு, போடி ஏலக்காய் ஐந்து, சுக்கு ஒரு சிறு துண்டு. இவ்வளவு கொஞ்சத்தை மிக்ஸி அரைக்காது, ஜாருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்த்து ஓட்டினால் மாவாகிவிடும், சலித்துக்கொள்ளுங்கள். சாதிக்காயை மட்டும் தனியாகத் துருவி, கால் டீஸ்பூனோடு நிறுத்துங்கள். கிராம்பு நான்கைத் தாண்டினால் கேக்கில் பல்வலி மருந்து வாசம் அடிக்கும்.

6. கேக்கின் கறுப்பு நிறம் கருக்கிய சர்க்கரையிலிருந்து வருகிறது. அடிகனமான பாத்திரத்தில் சர்க்கரையைத் தண்ணீரில்லாமல் உருக்கி, கரும்பழுப்பானதும் அடுப்பை அணைத்துவிட்டு அரை டம்ளர் கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு சீறிக் கையில் தெறிக்கும். குழந்தைகள் அடுப்படியில் இருக்கக் கூடாத வேலை இது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கெட்டிப் பாகாக்கி ஊற்றலாம். ருசியில் சர்க்கரைப் பாகு இதன் பக்கத்தில்கூட வராது.

7. இப்போது வெண்ணெய். வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது உள்ளே சிக்கும் காற்றுதான் கேக்கை எழுப்புகிறது. வெண்ணெய் உருகிவிட்டால் காற்று நிற்காது. பிறகு எவ்வளவு பேக்கிங் பவுடர் போட்டாலும் கேக் கனத்துத்தான் இருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். விரல் உள்ளே போய்விட்டால் மறுபடி ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள். அடிப்பதை விடிகாலையில் வைத்துக்கொள்வது நல்லது. ஏழு மணிக்குமேல் ஆகிவிட்டால் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிரம்பிய தாம்பாளத்தில் வைத்து அடியுங்கள். கடையிலிருந்து வெண்ணெய் வாங்கி வரத் தெர்மாகோல் பெட்டி உதவும். கலவை வெளுத்து, பஞ்சுபோல் ஆக எட்டுப் பத்து நிமிடம் பிடிக்கும்.

8. முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் கலவை திரியும். திரிந்துவிட்டால் ஒரு ஸ்பூன் மைதா சேர்த்தால் கூடிவரும். நாட்டுக்கோழி முட்டை சிறியது, ஐந்து வேண்டும்.

9. பழைய பேக்கிங் பவுடரைச் சுடுநீரில் அரை ஸ்பூன் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் குப்பைக்கு.

10. மைதாவில் இரண்டு ஸ்பூன் எடுத்துவைத்துப் பழங்களை அதில் புரட்டுங்கள். மீதி மாவை மசாலாப் பொடி, பேக்கிங் பவுடரோடு சலித்து, முட்டைக் கலவையில் ஆறிய பாகையும் மாவையும் மாற்றி மாற்றிச் சேர்த்துக் கரண்டியால் மடித்துக் கலக்குங்கள், அடிக்கக் கூடாது. பழங்கள் கடைசியில். ஈரம் சொட்டும் பழம் எந்த மாவிலும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஆகவே முன்பே நன்றாக வடித்துவிடுங்கள்.

11. தகரத்தின் அடியிலும் சுற்றிலும் வெண்ணெய்த்தாள் இரண்டடுக்கு. செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை உணவில் இறங்கும்.

12. ஓவன் இருந்தால் 150 டிகிரியில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். மைக்ரோவேவ் என்றால் கன்வெக்‌ஷன் முறை மட்டுமே. இரண்டும் இல்லாத வீட்டில் பலரும் குக்கரைத் தேடுவார்கள். வெறும் சூட்டில் குக்கர் பாழாகும் என்பதால், மூடியுள்ள பழைய கனமான சட்டியே மேல். அடியில் விரல் கனத்துக்கு உப்போ மணலோ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, பத்து நிமிடம் சூடேற்றியபின் தகரத்தை இறக்கிச் சிறுதீயில் வையுங்கள். குக்கர்தான் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனாலும் ஓவன் கதவைத் திறக்காமல் காத்திருங்கள், உள்ளிருக்கும் சூட்டில் கேக் வெந்துகொண்டிருக்கும். தெருமுனைப் பேக்கரி தெரிந்த கடையாக இருந்தால், தகரத்தோடு கொடுத்து அங்கேயே சுட்டு வாங்க முடியுமா என்றும் கேட்டுப்பாருங்கள்.

13. மேல் சீக்கிரம் கறுத்தால் அலுமினியத் தாளை லேசாகப் போர்த்துங்கள். நடுவில் ஈர்க்குச்சி குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது; திராட்சையின் பிசுபிசுப்பைப் பச்சை மாவென்று நினைத்து மேலும் சுட்டுவிடாதீர்கள்.

14. சூட்டோடு வெட்டினால் உதிரும். ஒரு நாள் மூடி வைத்து, மறுநாள் ரம்பப் பல் கத்தியால் அறுத்தால் வாசமும் கூடியிருக்கும்.

15. சாற்றில் ஊறிய கேக் வெளியே மூன்று நாள் தாங்கும். தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம். எறும்புக்கு டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள்.

16. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்போது கேக்கில் முட்டை உண்டு என்று சொல்லிக் கொடுங்கள். ரம் ஊற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள், சுட்ட பிறகும் அதில் கொஞ்சம் மிஞ்சும்.