கையைப் பிடிக்கும் கடமை



2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாளை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. அன்று கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டிற்று. அரசாங்கம் அவசரநிலை பிறப்பித்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அப்புகையில் பெரும்பகுதி சுமத்திராவிலிருந்து வந்தது உண்மையே. ஆயினும் அதே வகைத் தீ நம் காலடியிலும் உறங்குகிறது என்பதை அறிந்தவர் சிலரே. அதைப் பற்றியும், ஊருக்குத் தீங்கு நேருங்கால் மக்கள் தாமே இறங்கிச் செய்யும் நேரடி நடவடிக்கை எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பது பற்றியும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

நிலத்தின் இயல்பு

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்சுந்தையிலிருந்து வடக்கே பெர்ணாம் ஆறு வரையில் 70,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்புக் காடு உள்ளது. பல்லாயிரம் ஆண்டுகளாக விழுந்த இலையும் கட்டையும் நீரில் ஊறி, முற்றும் மக்காமல் திரண்ட மண் அது. மலாய்க்காரர் அதனைக் 'காம்புட்' என்பர். கடற்பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்துத் தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு உதவுவதும் இக்காடே.

பயிரிடுவதற்காக அதில் வாய்க்கால் வெட்டினால் நீர் வடிந்துவிடும். உலர்ந்த மண் விறகுக்கு ஒப்பாகும். தீப்பற்றினால் அது நிலத்துக்கடியில் ஊர்ந்து செல்லும். மேலே நீர் ஊற்றினால் எளிதில் அணையாது.

ராஜா மூசா காட்டில் நடந்தது

இக்காட்டின் ஒரு பகுதியாகிய ராஜா மூசா காப்புக்காட்டில் அத்துமீறிப் புகுந்தோர் சுமார் 1,000 ஹெக்டேரை அழித்துப் பயிர் செய்தனர். 2008ஆம் ஆண்டில் சிலாங்கூர் வனத்துறை அவர்களை வெளியேற்றியது. பின்னர் குளோபல் என்வைரன்மெண்ட் சென்டர் என்னும் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து மீட்பு வேலையைத் தொடங்கிற்று. சுற்றுக் கிராமத்தாரும் மாணவரும் தொண்டர்களும் கைகொடுத்தனர். வெட்டப்பட்ட வாய்க்கால்களைக் குறுக்கே அடைத்தார்கள். நீர்மட்டம் உயர்ந்தது. ஈரம் திரும்பிய மண்ணில் மஹாங் கன்றுகளை நட்டார்கள்.

நேரடி நடவடிக்கை என்றதும் மறியலும் முழக்கமுமே நினைவுக்கு வருகின்றன. சேற்றில் இறங்கி ஒரு வாய்க்காலை அடைப்பதும் நேரடி நடவடிக்கைதான் அல்லவா?

வணிகரின் பங்கு

நமக்கு நன்கு தெரிந்த வழி கடையடைப்பு. 2018 மார்ச்சில் தூத்துக்குடி வணிகர்கள் அதைச் செய்தார்கள். அவ்வூர் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் மாசை எதிர்த்து மக்கள் திரண்டபோது, கடைகளைச் சாத்தி உடன் நின்றார்கள். மே 22ஆம் நாள் போராட்டத்தின் 100ஆவது நாள். அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற பேரணி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அதில் 13 உயிர்கள் போயின. மே 28ஆம் நாள் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. வழக்கு ஓய்ந்தபாடில்லை. 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளிற்று. தெருவில் தொடங்கியது சாட்சியங்களாலும் ஆவணங்களாலும் ஆறு ஆண்டு கழித்தே நிலைபெற்றது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

கப்பல் உவமை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன உவமை ஒன்றுண்டு. ஒரே கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் பயணம் செய்கிறார்கள். நீருக்காக ஒவ்வொரு முறையும் மேலேறிச் சென்று பிறரைத் தொந்தரவு செய்வானேன் என்று, கீழே இருப்போர் தம் இடத்திலேயே துளையிட எண்ணுகிறார்கள். மேலிருப்போர் வாளாவிருந்தால் எல்லாரும் மூழ்குவர். கையைப் பிடித்தால் எல்லாரும் பிழைப்பர்.

இவ்வுவமையில் இரண்டைக் கவனிக்க வேண்டும். தடுப்பதற்குச் சொல்லப்பட்ட வழி கையைப் பிடிப்பது, கையை வெட்டுவதன்று. அடுத்து, கீழிருந்தோர் தீயவர் அல்லர். அவர்களுக்கு நீர் தேவைப்பட்டது. காட்டில் வாய்க்கால் வெட்டியவருள்ளும் ஒரு துண்டு நிலத்துக்கு ஏங்கியவர் இருந்திருக்கக் கூடும். தேவைக்கு வேறு வழி காட்டாமல் கையை மட்டும் பிடித்தால், விட்டதும் அவர் மறுபடி துளையிடுவார்.

நாம் கொள்ள வேண்டிய முறை

1. முதலில் அறிதல் வேண்டும். வதந்தியைக் கேட்டுக் கடையைச் சாத்துவது தகாது.

2. மனுவும் வழக்கும் முந்த வேண்டும். 2021இல் கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டின் ஒரு பகுதி காப்பு நிலையிலிருந்து நீக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைத் திரும்பப் பெற்றது.

3. செயலில் இறங்கினால் செலவு நம்முடையதாக இருக்க வேண்டும். கடையடைப்பில் நம் ஒருநாள் விற்பனை போகட்டும். கடைப்பையனின் ஒருநாள் கூலி போகலாகாது. அன்றாடம் அரிசி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு முன்னதாகவே அறிவித்துவிட வேண்டும். பிறர் உடலுக்கோ உடைமைக்கோ ஊறு வரலாகாது.

4. நம் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கலந்த கழிவினால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நீர் இணைப்புகள் வறண்டன. நம் உணவுக்கடைகளின் பின்புறக் கால்வாயில் கொட்டும் பழைய எண்ணெயும் ஏதோவோர் ஆற்றுக்குத்தான் போகிறது. அதுவும் கப்பலில் இடும் துளையே.

இன்றிரவு கடை சாத்துமுன் அந்தக் கால்வாயை ஒருமுறை எட்டிப் பார்ப்போமாக. அடுத்த கன்று நடும் நாளில் நம்மவர் பத்துப் பேரேனும் மண்வெட்டியோடு சேற்றில் நிற்போமாக. வல்ல இறைவன் துணை நிற்பானாக.