பட்டணத்துக் கறி விலையும் கிராமத்து ஆட்டு விலையும்

சிறு குடியானவனுக்கும் நிலமற்ற கூலியாளுக்கும் ஆடு என்பது பெட்டியில் வைக்காத பணமாகும். பிள்ளையின் படிப்பு, வைத்தியம், கலியாணம், சங்கத்துத் தவணை ஆகிய எதற்கு அவசரம் நேர்ந்தாலும் பட்டியிலிருந்து ஓர் உருப்படியைச் சந்தைக்கு ஓட்டிச் செல்வது வழக்கம். ஆனால் அந்த ஆட்டின் விலையை நிச்சயிப்பது அவனுடைய அவசரமன்று. வெகு தூரத்திலுள்ள பட்டணத்தின் கிராக்கியே ஆகும். அக்கிராக்கி ஏறும் காலத்தையும் இறங்கும் காலத்தையும் அறியாதவன் பெரும்பாலும் இறங்கும் காலத்திலேயே விற்று நஷ்டமடைகிறான். ஆதலின் சென்னை நகரத்து ஆட்டிறைச்சி வியாபாரத்தை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வது அங்கத்தினர்களுக்குப் பிரயோஜனமாகும்.

சரக்கு வரத்து

சென்னைக்கு வேண்டிய ஆடுகள் பெரும்பாலும் வெளியூர்களிலிருந்தே வருகின்றன. தமிழ்நாட்டில் செஞ்சி, உளுந்தூர்ப்பேட்டை, குந்தாரப்பள்ளி முதலிய இடங்களில் கூடும் வாரச் சந்தைகள் ஆட்டு வியாபாரத்திற்குப் பேர் பெற்றவை. அத்தகைய சந்தைகளில் வாங்கப்படும் ஆடுகளோடு ஆந்திரம், ராஜஸ்தானம் முதலிய அயல் மாநிலத்து ஆடுகளும் நகரத்தில் வந்து சேருகின்றன. புளியந்தோப்பில் ஆட்டுத்தொட்டி என்று ஜனங்கள் வழங்கும் இறைச்சிக் கூடம் பழமையும் பிரசித்தியும் உடையது.

2019ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. அதே கணக்கில் ஆந்திரத்தின் செம்மறிகள் சுமார் 176 லட்சம். தெலங்கானாவின் செம்மறிகள் சுமார் 190 லட்சம். எனவே நம் ஊர்க் கிடா பட்டணத்தில் தனித்து விலை பெறுவதில்லை. பெரிய மந்தைகளோடு போட்டியிட்டே விலை பெறுகிறது.

மேலும், வரத்தை நினைத்தவுடன் பெருக்க இயலாது. ஆடு சினையாகி ஈனுவதற்கு ஐந்து மாதம் செல்லும். குட்டி விற்பனைக்கு வளர இன்னும் எட்டு அல்லது ஒன்பது மாதம் வேண்டும். இன்றைய விலையேற்றத்தைக் கண்டு இன்று கிடா சேர்த்தால் ஓராண்டு கழிந்த பின்னரே சரக்கு கைக்கு வரும். வறட்சிக் காலத்திலோ மேய்ச்சலின்றிப் பலரும் ஒரே சமயத்தில் விற்பதால் விலை விழுகிறது. அப்பொழுது ஈனக்கூடிய பெட்டைகளும் கறிக்கடைக்குப் போய்விடுவதால், புல் தழைக்கும் மறு வருஷத்தில் குட்டி அரிதாகிறது. மலிவாக விற்றவனே அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்க நேரிடுகிறது.

கிராக்கி

புரட்டாசி மாதத்தில் ஹிந்துக்களிற் பலர் மாமிசத்தை விலக்குவதால் விற்பனை தளரும். ஐப்பசியில் தீபாவளி நெருங்கியதும் அடங்கியிருந்த கிராக்கி முழுவதும் சில நாட்களுக்குள் எழும். ஆடி மாதத்து அம்மன் கோயில் விழாக்களிலும் காணும் பொங்கலன்றும் விற்பனை மிகும். காந்தி ஜயந்தி, மகாவீர் ஜயந்தி, திருவள்ளுவர் தினம் ஆகிய நாட்களில் சர்க்கார் உத்தரவுப்படி இறைச்சிக் கடைகள் மூடப்படும்.

சாதாரண நாட்களில் ஆட்டுக்கறி விலை மிக ஏறினால் வாங்குவோர் கோழிக்கறிக்கு மாறிவிடுவர். பக்ரீத் பண்டிகையின் கிராக்கி அத்தகையதன்று. குர்பானிக்குரிய வெள்ளாடு ஒரு வயது நிரம்பியதாயும் ஊனமற்றதாயும் இருத்தல் வேண்டும். அதற்குப் பதிலாகக் கோழி உதவாது. ஆகவே நன்கு வளர்ந்த கிடாவுக்கு அச்சமயம் தனி விலை உண்டு. இப்பண்டிகை சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுவதால் வருஷந்தோறும் சுமார் 11 நாட்கள் முன்னதாக வரும். 2024இல் ஜூன் 17ஆந் தேதியும் 2025இல் ஜூன் 7ஆந் தேதியும் இது கொண்டாடப்பட்டது.

பட்டணத்தில் விலை ஏறினால் கிராமத்திலும் ஏறியே தீரும் என்று நினைப்பது பிசகு. 2020ஆம் வருஷம் மார்ச்சுக் கடைசியில் ஊரடங்கு வந்தபொழுது வாரச் சந்தைகள் நின்றன. பட்டணத்தில் கறி விலை உயர்ந்தது. கிராமத்திலோ விற்க வழியின்றி ஆடுகள் பட்டியில் நின்றன. இரண்டையும் இணைக்கும் பாதை அடைபட்டால் ஓரிடத்துக் கிராக்கியால் மற்றோர் இடத்துக்குப் பயனில்லை.

விலை எங்கே கரைகிறது?

கணக்கிற்காக, உயிரெடை 20 கிலோ உள்ள ஒரு கிடாவை எடுத்துக்கொள்வோம். அதில் கறி சுமார் 9 கிலோ தேறும். கறி கிலோ 800 ரூபாய் என்றால் 7,200 ரூபாய் கிடைக்கும். தலை, கால், குடல், தோல் ஆகியவற்றின் விலை வேறு. இத்தொகையிலிருந்து லாரிக் கூலி, வழியில் குறையும் எடை, தரகு, அறுப்புக் கூலி, கடை வாடகை, வியாபாரியின் லாபம் ஆகிய யாவும் கழிய வேண்டும். எஞ்சுவதே ஆட்டுக்காரனுக்குரியது. அதை உயிரெடைக்குக் கிலோ 300 ரூபாய், அஃதாவது 6,000 ரூபாய் என்று கொள்வோம்.

சந்தையில் தரகர் ஆட்டைத் தூக்கிப் பார்த்து, முதுகைத் தடவி, கைமதிப்பாகவே எடை சொல்வது வழக்கம். 20 கிலோவை 18 என்று மதித்தால் அக்கணமே 600 ரூபாய் போயிற்று. பட்டணத்து விலையை மாற்ற நம்மால் ஆகாது. இந்த 600 ரூபாயைக் காப்பாற்றுவது நம் கையிலிருக்கிறது.

சங்கம் செய்யத் தக்கவை

முதலாவது, சங்கத்துக்கு ஒரு நல்ல தராசு வேண்டும். எடை தெரிந்த ஆட்டைச் சந்தைக்குக் கொண்டு செல்பவன் ஏமாறான்.

இரண்டாவது, பருவமறிந்து கிடா சேர்த்தல். ஆவணியில் சினையான ஆடு தையில் ஈனும். அக்குட்டி ஒன்பது மாதத்தில், தீபாவளி வரும் ஐப்பசியில் விற்பனைக்குத் தயாராகும்.

மூன்றாவது, கூட்டு விற்பனை. ஒற்றை ஆட்டுக்கு லாரி கிடைக்காது. பலர் ஆடுகளை ஒன்று சேர்த்தால் வியாபாரியே ஊருக்கு வருவான். அன்றிக் கூலியைப் பங்கிட்டுப் பெரிய சந்தைக்கு அனுப்பலாம்.

நான்காவது, அவசரக் கடன். புரட்டாசியில் 3,000 ரூபாய் தேவைப்பட்டவன் மேற்கண்ட கிடாவை 6,000 ரூபாய்க்கு விற்காமல், வருஷத்துக்கு நூற்றுக்கு 12 வட்டியில் ஆறு வாரக் கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி சுமார் 45 ரூபாய். அதற்குள் கிடா 22 கிலோவாகி, விலையும் கிலோ 320 ரூபாயானால் 7,040 ரூபாய் கிடைக்கும். தீனிச் செலவைக் கழித்தாலும் லாபம் விளங்கும்.

ஆயினும் இதில் அபாயமும் உண்டு. விலை எதிர்பார்த்தபடி ஏறாமற் போகலாம். மழைக் காலத்தில் நோயும் வரலாம். ஆகையால் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட, நல்ல ஆரோக்கியமுள்ள ஆட்டின் பேரில் மட்டும், அதன் மதிப்பில் பாதிக்கு மேற்படாமல் கடன் கொடுப்பதே விவேகம். விற்ற அன்றே கடன் திரும்ப வேண்டும். தவணை தவறினால் அடுத்த அங்கத்தினரின் அவசரத்துக்குச் சங்கத்தில் பணமிராது.

கூட்டத்தில் ஆராயத் தக்க கேள்விகள்

1. சென்ற வருஷம் நம் அங்கத்தினர் எந்தெந்த மாதங்களில், என்ன காரணத்தால் ஆடு விற்றனர்?

2. அவற்றுள் எடை போட்டு விற்றவை எத்தனை?

3. வரும் தீபாவளிக்குள் ஒரு லாரி நிறைய ஆடு சேர்க்க நம் ஊரிலும் அண்டை ஊர்களிலும் எத்தனை குடும்பங்கள் இணங்கும்?