மருமகளுக்கு, முதல் டிப்ளாய்மென்ட் பற்றி

பட்டர்வொர்த்

அன்புள்ள மருமகளுக்கு,

பாயான் லெப்பாஸ் கம்பெனியில் உன்னைக் குபெர்னெட்டிஸில் ஓர் அப்ளிகேஷனை ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். "கண்டெய்னர்னு சொல்றா, உன் பழைய துறைமுக வேலை மாதிரியா தம்பி?" என்றும் கேட்டாள். பெயர்தான் ஒன்று, என்றேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் துறைமுகம் உனக்கு உதவும். கீழே வருகிறது.

கம்பெனி கிளஸ்டரில் கை வைப்பதற்கு முன் உன் லேப்டாப்பில் கைண்டோ மினிகியூபோ போட்டுக்கொள். எடுத்த எடுப்பில் டேட்டாபேஸ், லாகின் என்று இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. ஒரே ஒரு பக்கம் காட்டும் வெப் சர்வர் போதும். அதையும் முதலில் டாக்கரில் தனியாக ஓட்டிப் பார். அங்கே ஓடாதது கிளஸ்டரில் மட்டும் ஓடிவிடாது.

டிப்ளாய்மென்ட் யாமலில் நீ செய்முறை எழுதுவதில்லை, முடிவில் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறாய். இரண்டு பிரதி ஓடட்டும் என்றால், இரண்டு இருக்கிறதா என்று கன்ட்ரோலர் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். நம்பிக்கை வரவில்லையா, அந்தப் பிரதிகளில், அதாவது பாட்களில், ஒன்றை நீயே டெலிட் செய். உடனே இன்னொன்று முளைக்கும். பெயர் வேறு, ஐபி முகவரியும் வேறு. பாட் முகவரியை நம்பி எதையும் இணைக்கக் கூடாது என்பது அப்போதே மண்டையில் ஏறிவிடும். மாறாத முகவரி ஒன்று வேண்டும், அதற்குத்தான் சர்வீஸ்.

புதியவர்கள் சறுக்குவதும் அங்கேதான். சர்வீஸுக்குப் பாட்களின் பெயர் தெரியாது. லேபிளைப் பார்த்துத்தான் எது தன்னுடையது என்று கண்டுகொள்ளும். டிப்ளாய்மென்டுக்குள்ளேயே லேபிளும் செலக்டரும் முரண்பட்டால் ஏபிஐ சர்வர் திருப்பி அனுப்பிவிடும். சர்வீஸின் செலக்டரில் ஓர் எழுத்து பிசகினாலோ ஒரு எரரும் வராது. அப்ளை கொடுத்தால் 'கிரியேட்டட்' என்று நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லும். பக்கம் மட்டும் திறக்காது.

வட பட்டர்வொர்த் முனையத்திலிருந்து லாரியில் போகும் கண்டெய்னர் பெட்டிகளைக் கவனித்திருப்பாய். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அதன் பக்கத்தில் கட்டத்துக்குள் தனியாக இன்னோர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம், முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. எண்ணைத் தப்பாகத் தட்டினால் பெரும்பாலும் கணக்கு உதைத்துவிடும். தவறு அங்கேயே பிடிபடும். உன் சர்வீஸின் செலக்டருக்கு அப்படியொரு காவல் கிடையாது. நீதான் சர்வீஸை டிஸ்கிரைப் செய்து எண்ட்பாயின்ட்ஸ் வரியைப் பார்க்க வேண்டும். அது காலியாக இருந்தால் லேபிள் பொருந்தவில்லை, இல்லாவிட்டால் பாட் இன்னும் ரெடி ஆகவில்லை. முகவரி இருந்தும் பக்கம் வரவில்லையென்றால் டார்கெட் போர்ட்டைப் பார். அதுவும் சரியென்றால், உன் புரோகிராம் லோக்கல்ஹோஸ்டில் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும்.

சிவப்பு எழுத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் டெலிட் செய்து மறுபடி அப்ளை செய்யும் பழக்கம் வேண்டாம். தடயம் போய்விடும். இமேஜ்புல்பேக்ஆஃப் என்றால் பாட்டை டிஸ்கிரைப் செய்து அடியில் உள்ள ஈவென்ட்ஸைப் படி. அவை வழக்கமாக ஒரு மணி நேரம்தான் இருக்கும். நாசி கண்டார் கடை வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் காணாமல் போயிருக்கும். கிராஷ்லூப்பேக்ஆஃப் என்றால் லாக்ஸை 'பிரீவியஸ்' சேர்த்துக் கேள், செத்துப்போன கண்டெய்னர் கடைசியாகச் சொன்னது கிடைக்கும். எக்ஸிட் கோட் 137, காரணம் ஊம்கில்ட் என்றிருந்தால் மெமரி லிமிட் போதவில்லை.

இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று டேக் வைக்காதே. வேறு எதுவும் சொல்லாவிட்டால், அந்த டேக்கைப் பார்த்தவுடன் கிளஸ்டர் ஒவ்வொரு முறையும் ரெஜிஸ்ட்ரியில் போய்த் தேடும். லேப்டாப்பில் மட்டும் இருக்கும் இமேஜ் அங்கே எப்படிக் கிடைக்கும்? எண் போட்டு வை. கைண்ட் என்றால் இமேஜை அதற்குள் லோட் செய்யவும் வேண்டும். பின்னால் ரோல்அவுட் அண்டூ கொடுக்கும்போதும் அந்த எண்தான் கைகொடுக்கும். சீக்ரெட்டில் பாஸ்வேர்டு போட்டுவிட்டு அது பத்திரம் என்று கிட்டில் ஏற்றிவிடாதே. பேஸ்64ஐ யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம்.

உங்கள் கம்பெனி அப்ளிகேஷனுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையா என்றால், சின்ன அப்ளிகேஷனுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷினே தாராளம் என்பது என் எண்ணம். இதை ஆபீஸில் சொல்லிக்கொண்டிருக்காதே. வேலைக்குச் சேர்ந்த புதிது.

இந்த வாரம் சர்வீஸ் வரைக்கும் போ, போதும். இன்கிரஸ், ஹெல்ம் எல்லாம் நீ ஃபெர்ரி ஏறி இந்தப் பக்கம் வரும்போது பேசிக்கொள்ளலாம். சிக்கல் வந்தால் யாமலை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பாதே, ஃபைலாகவே அனுப்பு. எங்கே இரண்டு ஸ்பேஸ் விட்டிருக்கிறாய், எங்கே டேப் அடித்திருக்கிறாய் என்று படத்தில் தெரியாது.

அன்புடன்,
மாமா